வீட்டில் ஆட ஒரு மரத்தளம்: மேட் போதுமா, பலகை செய்வதா, ரீப்பர் பின்னுவதா?

சனிக்கிழமை மாலைகளில் பரதநாட்டிய வகுப்பு வாசலில், செருப்புக் குவியலுக்கு நடுவே காத்திருக்கும் பெற்றோரிடையே ஒரு கேள்வி சுற்றிக்கொண்டே இருக்கும். "வீட்டில் டைல்ஸ் தரை. பெண் கால் வலிக்கிறது என்கிறாள். அடியில் என்ன போடலாம்?" மூன்று வருடங்களில் மூன்று தளங்கள் செய்து, ஒன்றைக் குப்பைக்கும் ஒன்றை மொட்டை மாடிக்கும் அனுப்பியவன் நான் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அதனால் கேள்வி கடைசியில் என்னிடம் வந்து நிற்கும். வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதிவிடுகிறேன்.

உடனே எழும் ஆட்சேபம் ஒன்று உண்டு. "தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரும் கல் தரையில் ஆடியவர்கள்தானே?" என்று ஒரு தாத்தா என்னை மடக்கினார். இருக்கலாம். அவர்கள் குடியிருந்த வீட்டு வரிசை வரை கல்வெட்டில் இருக்கிறது. அவர்களுடைய முழங்கால் வலியை யாரும் பொறித்து வைக்கவில்லை.

கணக்காகவே பார்ப்போம். பாதத்தால் தரையைத் தட்டும் முதல் தட்டடவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதி தாளத்தில் ஒரே ஓர் ஆவர்த்தனம் (ஒரு தாளச் சுற்று) என்றாலும் முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், 8 தட்டு, இரண்டாம் காலத்தில் 16, மூன்றாம் காலத்தில் 32. மொத்தம் 56. யாரும் ஓர் ஆவர்த்தனத்தோடு நிறுத்துவதில்லை, ஒரே அடவோடும் நிறுத்துவதில்லை. அதன் பிறகு குதிக்கிற குதித்து மெட்டும், முழங்கால் தரையில் படுகிற மண்டி அடவும் வரும். மொசைக்கோ கிரானைட்டோ விட்ரிஃபைட் டைல்ஸோ, மேலே பெயர் எதுவாக இருந்தாலும் அடியில் இருப்பது கான்கிரீட். அது ஒரு மயிரிழைகூட இறங்கிக் கொடுக்காது. இறங்கிக் கொடுக்க வேண்டியதை எல்லாம் காலே செய்கிறது.

ஒன்றையும் முன்பே சொல்லிவிட வேண்டும். வலி ஏற்கெனவே வந்து நாள்கணக்கில் நிற்கிறது என்றால் தச்சரிடம் போவதற்கு முன் மருத்துவரிடம் போங்கள். அரைமண்டியில் (முழங்கால் மடக்கி நிற்கும் அடிப்படை நிலை) முழங்கால் உள்பக்கம் சாய்கிறது என்றால் எந்தப் பலகையும் அதைத் திருத்தாது. அது ஆசிரியர் கண்ணில் பட வேண்டிய விஷயம்.

எதை வைத்து எடை போடுவது

"மெத்தென்று இருக்க வேண்டும்" என்றுதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், தவறாக. ஆடுகிற தளத்துக்கு மென்மை ஓர் அளவுக்கு மேல் பகை. கால் புதைந்தால் கணுக்கால் புரளும். ஒற்றைக் காலில் நிற்கும்போது உடல் ஆடும். மூன்றாம் காலத்தில் தட்டிய கால் திரும்பி எழ நேரமாகும். வேண்டியது இதுதான்: கால் படும் மேற்பரப்பு கெட்டியாக இருக்க வேண்டும், அந்தக் கெட்டியான பரப்பு முழுவதுமாகச் சில மில்லிமீட்டர் இறங்கி எழ வேண்டும். உள்ளரங்க விளையாட்டுத் தளங்களுக்கான ஐரோப்பிய நெறி இஎன் 14904, அடியின் விசையில் 25 முதல் 75 சதவீதம் வரை தளம் குறைக்க வேண்டும் என்கிறது, 5 மி.மீ.க்கு மேல் அமுங்கவும் கூடாது என்கிறது. அது எடையை விழவிட்டுக் கருவியால் அளக்கிற சோதனை. வீட்டில் செய்ய முடியாது. ஆனால் "சில மில்லிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம்" என்ற அளவு மனத்தில் இருந்தால் போதும்.

இரண்டாவது, ஒலி. இதற்கு இரண்டு முகம் உண்டு. ஆடுகிறவருக்குத் தட்டின் ஓசை காதில் விழ வேண்டும். ஆசிரியர் தாளம் தட்டும் கோலான தட்டுக்கழிக்கும், காலுக்கும் இடையில் எத்தனை இழை விலகியது என்று தெரிவது அந்த ஓசையில்தான். கீழ் வீட்டுக்காரருக்கு அதே ஓசை கேட்கக் கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகிற ஆசைகள்.

மூன்றாவது, தூக்கி வைப்பது. பெரும்பாலான வீடுகளில் ஆடுகிற இடம் கூடம்தான். ஆடி முடித்ததும் அங்கே சோபா வர வேண்டும். தினமும் தூக்குவதா, வாரம் ஒரு முறையா, வீடு மாறும்போது மட்டுமா என்பதை முதலில் உங்களுக்குள் ஒப்புக்கொள்ளுங்கள். "தினமும் எடுத்து வைத்துவிடலாம்" என்று சொல்பவர்கள் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

அளவைப் பொறுத்தவரை, தட்டடவுக்கு நான்கடிக்கு நான்கடி போதும். நாட்டடவில் கால் பக்கவாட்டில் நீளும்போது அது போதாது. எட்டுக்கு எட்டு இருந்தால் அடவுப் பயிற்சி முழுவதையும் தாராளமாகச் செய்யலாம். வர்ணம் என்ற நீண்ட நடன உருப்படியை முழுவதும் இடம் மாற்றி ஆடிப் பார்க்க அதுவும் போதாது. அதற்கு வகுப்பு இருக்கிறது. கீழே சொல்லும் கணக்கெல்லாம் எட்டுக்கு எட்டுக்கானவை. பிளைவுட் தாள் எட்டடிக்கு நான்கடி என்பதால் அடுக்குக்கு இரண்டு தாள், வெட்டு மிச்சம் இல்லை.

மேட் மட்டும்

பல்பல்லாகக் கோத்துக்கொள்ளும் ஈவிஏ இன்டர்லாக் மேட், யோகா மேட், ஜிம்முக்கான ரப்பர் விரிப்பு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஒரு கையால் தூக்கலாம், கட்டிலுக்கடியில் செருகலாம், இன்றைக்கே வாங்கி இன்றைக்கே ஆடலாம். மண்டி அடவுக்கு முழங்காலுக்கு நல்லது.

ஆனால் தட்டின் ஓசை செத்துப்போகும். கால் படுகிற இடம் மட்டும் குழிவதால் பாதத்தின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் வேறு வேறு அளவில் இறங்கும். வியர்த்த வெறுங்கால் ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். பாதம் திரும்பாமல் முழங்கால் மட்டும் திரும்புவது நல்லதல்ல. மறைந்திருக்கிற செலவு என்னவென்றால், தினமும் ஒரே இடத்தில் தட்டினால் ஃபோம் அந்த இடத்தில் தட்டையாகி மீளாது. துண்டுகளை இடம் மாற்றி மாற்றிப் போட்டால் கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

ஏழெட்டு வயதுக் குழந்தை, வாரம் இரண்டு மூன்று நாள், அரைமணி நேரம் என்றால் இதற்கு மேல் யோசிக்காதீர்கள். மெல்லிய, கெட்டியான மேட்டாகப் பார்த்து வாங்குங்கள். கனமானது நல்லது என்று 40 மி.மீ. மேட்டைத் தேடிப் போக வேண்டாம்.

மேட்டின் மேல் ஒற்றை பிளைவுட்

பலரும் அடுத்துச் செய்வது இது. இன்டர்லாக் மேட்டை விரித்து, அதன் மேல் 18 மி.மீ. பிளைவுட் இரண்டு தாள். பசை இல்லை, ஸ்குரூ இல்லை, ஆசாரி இல்லை. கடையிலேயே வேண்டிய அளவுக்கு அறுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஓசை உயிரோடு இருக்கும். கால் கெட்டியான பரப்பில் படும். என்னுடைய இரண்டாவது தளம் இதுதான்.

இதில் இரண்டு சங்கடங்கள். ஒன்று, எதிர்பார்த்த அளவுக்கு இறங்கிக் கொடுக்காது. காரணம் வேடிக்கையானது. அடியில் ஃபோம் முழுவதும் விரிந்திருப்பதால் குதிப்பின் எடை பெரிய பரப்பில் பரவிவிடுகிறது. ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் வந்து சேர்வது சொற்பம். ஃபோம் அமுங்கவே இல்லை. அதே ஃபோமைத் துண்டு துண்டாக இடைவெளி விட்டு வைத்திருந்தால் அமுங்கியிருக்கும். அதிகம் வைத்தால் அதிக மென்மை என்று நினைத்துக் காசைக் கொட்டிய பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

இரண்டாவது, வளைவு. மேலே மட்டும் வார்னிஷ் அடித்து அடியை வெறுமையாக விட்டேன். ஐப்பசி மழை இரண்டு வாரம் விடாமல் பெய்ததில் வெறுமையான பக்கம் ஈரம் குடித்து உப்ப, தாளின் மூலைகள் தோசை ஓரம் போலத் தூக்கிக்கொண்டன. ஒற்றை அடுக்கு பிளைவுட்டின் இரண்டு பக்கங்களுக்கும் நான்கு விளிம்புகளுக்கும் ஒரே மாதிரிப் பூச்சு தர வேண்டும். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு தாள்களும் விலகாமல் இருக்க நடுவில் ஒட்டிய டேப்பும் மாதத்துக்கு ஒரு முறை பிய்ந்துவரும். அந்தப் பிளவில் கால்விரல் மாட்டினால் என்ன ஆகும் என்று விவரிக்க விரும்பவில்லை.

ஆனாலும் வாடகை வீடு, ஒரு வருடத்துக்குத்தான் தேவை, ஆசாரியைக் கூப்பிட மனமில்லை என்றால் இது மோசமில்லை. பிறகு அதே தாளில் அலமாரி செய்துகொள்ளலாம். என்னுடையது மொட்டை மாடியில் வடகம் காயப் பயன்படுகிறது.

ஃபோம் துண்டுகள் மேல் இரட்டைப் பலகை

இப்போது கூடத்தில் இருப்பது இது. கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

12 மி.மீ. பிளைவுட் கீழே, 9 மி.மீ. மேலே, இரண்டையும் மரப்பசை தடவி ஒட்டி, கீழிருந்து 16 மி.மீ. ஸ்குரூவால் முடுக்கிவிடுவது. இரண்டும் சேர்ந்து 21 மி.மீ. என்பதால் ஸ்குரூவின் முனை மேலே எட்டிப் பார்க்காது. மேல் தாளின் மேலிழை கீழ்த்தாளின் இழைக்குக் குறுக்காகப் போக வேண்டும். இப்படி நான்கடிக்கு நான்கடியாக நான்கு பலகைகள். ஒவ்வொன்றின் அடியிலும் 25 மி.மீ. கெட்டி ஈவிஏ அல்லது எக்ஸ்எல்பிஈ ஃபோமில் வெட்டிய ஏழரை செ.மீ. சதுரத் துண்டுகள்: வரிசைக்கு ஐந்து, ஐந்து வரிசை, ஆக 25. நடுவுக்கு நடு சுமார் 28 செ.மீ. இடைவெளி வரும். நான்கு பலகைக்கு 100 துண்டு. ஒரு மீட்டர் சதுரத் தாள் ஒன்றை வெட்டினாலே 169 துண்டு கிடைக்கும். ஆக ஃபோம் செலவு சில்லறைதான். காசெல்லாம் பிளைவுட்டில் போகிறது: அடுக்குக்கு இரண்டு, மொத்தம் நான்கு தாள், 128 சதுர அடி. விசாரிக்கும்போது சதுர அடி விலையை 128ஆல் பெருக்கிவிட்டு வீட்டில் பேசுங்கள். 64ஆல் பெருக்கிச் சொல்லிவிட்டு நான் பட்டது போதும்.

எந்த ஃபோம் என்பதில்தான் முழு விளையாட்டும் இருக்கிறது. 50 கிலோ எடையுள்ள பெண் குதித்து இறங்கும்போது அந்த நொடியில் மூன்று மடங்கு விசை வருகிறது என்று வையுங்கள், 150 கிலோ. பலகை அதை நான்கு துண்டுகளுக்குப் பகிர்ந்தால் 225 சதுர செ.மீ. பரப்பு; சதுர செ.மீ.க்குச் சுமார் 670 கிராம். சோபா ஸ்பாஞ்ச் இந்த அழுத்தத்தில் அப்பளம். அது உட்காருவதற்குச் செய்தது, உட்காரும்போது உடல் எடை பரவலாக இறங்குகிறது. என் முதல் தளம் பழைய சோபாவிலிருந்து உரித்த ஸ்பாஞ்சும் 6 மி.மீ. பிளைவுட்டும். "அப்பா, முதலில் மெத்தையில் விழுகிறேன், அப்புறம் தரையில் விழுகிறேன்" என்றாள் மகள். அதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது. ஸ்பாஞ்ச் முழுக்கத் தட்டையானதும் அடி நேராகக் கான்கிரீட்டில் விழுகிறது, கூடவே தடுமாற்றம் இலவசம். கடையில் துண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சுலபமாக அடி வரை அமுங்கினால் அது வேண்டாம். செருப்பு அடிப்பாகம் போல அழுத்தமாக இருந்து மெல்ல மீள வேண்டும். தெர்மோகோலைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: நொறுங்கும், தவிர சில வகைப் பசை பட்டால் கரையும்.

பலகைகளை எப்படிக் கோப்பது என்பது அடுத்த தலைவலி. விளிம்போடு விளிம்பு சும்மா வைத்தால் ஒரு பலகை இறங்கும்போது பக்கத்துப் பலகை இறங்காது; நடுவில் படிக்கட்டு உண்டாகும். அதனால் மேல் தாளைக் கீழ்த் தாளிலிருந்து இரண்டு திசையிலும் 7 செ.மீ. நகர்த்தி ஒட்டினோம். இரண்டு பக்கம் உதடு நீளும், மற்ற இரண்டு பக்கம் படி கிடைக்கும். ஒரு பலகையின் உதடு அடுத்ததன் படியில் உட்கார, அங்கே அடியிலிருந்து பதித்த டீ-நட்டில் மேலிருந்து போல்ட் முடுக்குகிறோம், இணைப்புக்கு இரண்டு. போல்ட்டின் தலை பரப்புக்குக் கீழே குழிக்குள் இறங்கியிருக்க வேண்டும்; வெறுங்காலில் ஆடுகிற தளம் இது.

இதில் நானும் ஆசாரியும் சேர்ந்தே கோட்டைவிட்ட ஒன்று: நான்கு பலகைகளையும் கோத்து முடித்த பிறகு வெளி விளிம்புகளில் இரண்டு பக்கம் உதடு அந்தரத்தில் நிற்கும், மற்ற இரண்டு பக்கம் படி வெறுமையாகக் கிடக்கும். உதட்டின் அடியில் 12 மி.மீ. பட்டியும், படியின் மேல் 9 மி.மீ. பட்டியும் தனியாக அறுத்து வைக்க வேண்டும். நான்கு தாளும் மிச்சமில்லாமல் தீர்ந்துபோயிருந்ததால் அந்தப் பட்டிகளுக்காக மறுபடி கடைக்குப் போனோம். உதட்டின் அடியில் வைக்கிற பட்டிக்கும் ஃபோம் துண்டு ஒட்டுவது அவசியம், இல்லாவிட்டால் ஓரத்தில் கால் வைத்ததும் தளம் கவிழப் பார்க்கும்.

ஒரு பலகை 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். பெரியவர் ஒருவர் சாய்த்து நகர்த்தலாம். தூக்க இருவர் வேண்டும். நிமிர்த்தினால் கதவில் நுழையும். சிறிய லிஃப்டில் நுழைவது சந்தேகம். மாடிப்படித் திருப்பத்தில் உதட்டின் மூலை சுவரில் இடித்து உடையும் (எங்களுடையதில் ஒரு மூலைக்குக் கட்டுப் போட்டிருக்கிறது). தினமும் எடுப்பதாக இருந்தாலோ காரில் ஏற்றுவதாக இருந்தாலோ நான்கடிக்கு இரண்டடியாக எட்டுப் பலகை செய்யுங்கள். ஒவ்வொன்றும் பத்து கிலோ. ஆனால் இணைப்புகளும் போல்ட்டுகளும் இரட்டிப்புக்கும் மேலாகும், பூட்டவே கால் மணி நேரம் போகும்.

கணக்கில் வராத இன்னொன்று உயரம். 25ம் 21ம் சேர்ந்து நாலரை செ.மீ. அறைக்குள் திறக்கும் கதவின் வழியில் தளம் வந்தால் கதவு திறக்காது. சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டு, கதவு, அலமாரி எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். அந்த நாலரை செ.மீ. விளிம்பில் பாட்டி தடுக்கி விழக்கூடும். சரிவுப் பட்டி ஒன்று வைப்பது நல்லது.

ஒலியில் இது பாதி வெற்றி. கூர்மையான "டக்" கீழ் வீட்டுக்குப் போவது குறைந்தது. ஆனால் பலகைக்கும் தரைக்கும் நடுவே காற்று அடைந்திருப்பதால் தளம் பெரிய மத்தளமாகி "தும்" என்று முழங்கியது. கீழ் வீட்டு மாமி மேலே ஏறி வந்து, "தினமும் சாயங்காலம் மாவு இடிக்கிறீர்களோ?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். ஃபோம் துண்டுகளுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில் பழைய கம்பளியையும் தேங்காய் நார் மிதியடியையும் வெட்டித் தொளதொளவென்று நிரப்பிய பிறகு முழக்கம் அடங்கியது. நிரப்புவது பலகையின் அடியைத் தொட்டுத் தாங்கக் கூடாது. தாங்கினால் மறுபடி இரண்டாம் தளத்தின் கதைதான். இரவு எட்டுக்கு மேல் ஆடுவதில்லை என்பது தனி ஒப்பந்தம்.

மரத்தின் தரம்: எம்ஆர் என்று முத்திரை இருப்பது ஈரப்பதத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. பிடபிள்யூஆர் (கொதிநீரையும் தாங்கும்) தரம் போதும். ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டும் போடலாம், ஆனால் கூடத்தில் கப்பல் விடப்போவதில்லை. துகள் பலகையும் எம்டிஎஃப்பும் ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளாது. கட்டட வேலையில் பயன்படுத்திய சென்ட்ரிங் பிளைவுட் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டால், அதன் மேல் படலம் வழுக்கும், விளிம்பெல்லாம் சிலாம்பு.

மேல் பரப்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, மினுமினுப்பு இல்லாத பாலியூரித்தேன் பூச்சு இரண்டு கை. மெழுகு, பாலிஷ், டால்கம் பவுடர் எதுவும் கூடாது. பூச்சு இல்லாமல் விட்டால் முதல் அரங்க ஒத்திகையிலேயே காலில் இட்ட சிவப்புச் சாயம் மரத்தில் ஏறிவிடும். எங்கள் தளத்தின் ஒரு மூலையில் ஐந்து விரல் அடையாளம் இன்னும் இருக்கிறது.

ரீப்பர் பின்னல்

ஃபோமே இல்லாமல் மரத்தை வளைய வைக்கிற பழைய முறை இது. இரண்டு அங்குல அகல ரீப்பர்களை, அதாவது மெல்லிய மரச்சட்டங்களை, ஓர் அடி இடைவெளியில் ஒரு வரிசை, அதன் மேல் குறுக்காக ஒரு வரிசை, அதற்கும் மேல் மறுபடி குறுக்காக ஒரு வரிசை. எல்லாவற்றுக்கும் மேல் பிளைவுட். சூட்சுமம் ஒன்றுதான்: மேல் வரிசை ரீப்பர், கீழ் வரிசை ரீப்பருக்கு நேர் மேலே வரவே கூடாது. இரண்டு கீழ் ரீப்பர்களுக்கு நடுவில் வர வேண்டும். அப்போதுதான் நடு ரீப்பர் வில்லைப் போல வளைந்து கொடுக்கும். மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்துவிட்டால் அந்த இடம் கான்கிரீட் தூண்.

ஆடுகிறவர்களைக் கேட்டால் நன்றாக அமைந்த பின்னல் தளத்தைத்தான் முதலில் சொல்வார்கள். இறங்குவதும் எழுவதும் ஒரே சீராக இருக்கும். ஃபோம் போலத் தட்டையாகிப் போவதில்லை. ஆனால் உயரம் ஏழு எட்டு செ.மீ., எடை 100 கிலோவைத் தாண்டும், மடக்கித் தூக்கி வைப்பது பெயருக்குத்தான். பிரிக்கும்படி செய்யலாம், பிரித்துப் பிரித்துச் சேர்த்தால் ஆணி இடம் தளர்ந்து கிறீச்சிடும். முடிச்சு இல்லாத, நேரான, நன்கு காய்ந்த மரம் வேண்டும். பச்சை மரத்தில் செய்தால் கோடையில் முறுக்கிக்கொள்ளும். ஆசாரிக்கும் இரண்டு மூன்று நாள் கூலி. தரை சமமாக இல்லாவிட்டால் ரசமட்டம் வைத்து ஒவ்வொரு மூலைக்கும் ஆப்பு வைக்க வேண்டும். தரைத்தளத்து வீட்டில் கரையான் மருந்து அடிக்காமல் இதைப் போடுவது கரையானுக்கு விருந்து வைப்பது.

சொந்த வீடு, ஒதுக்கிய அறை, வீட்டிலேயே நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்றால் தயங்காமல் இதற்குப் போங்கள்.

ஆயத்தத் தளம்

விளையாட்டுத் தளம், மேடைத் தளம் போடும் நிறுவனங்கள் கோத்துக்கொள்ளும் பலகைகளாகவே விற்கிறார்கள். செய்கிற சிரமம் இல்லை, சீராக இருக்கும். மூன்று விஷயங்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்: உண்மையில் அடியில் இறங்கிக் கொடுக்கும் அமைப்பு இருக்கிறதா, அல்லது திருமண மண்டபத்துக்கான வெறும் பலகையா, ஒரு பலகை உடைந்தால் தனியாகக் கிடைக்குமா, போக்குவரத்தும் வரியும் விலையில் சேர்ந்ததா. மேற்பரப்பு வினைல் என்றால் வெறுங்காலில் பத்து நிமிடம் வியர்க்க வியர்க்க ஆடிப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். ஷூ போட்டு ஆடுகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்த பரப்பு வெறுங்காலைப் பிடித்து இழுக்கலாம்.

| | மேட் மட்டும் | மேட் + ஒற்றை பிளைவுட் | ஃபோம் துண்டு + இரட்டைப் பலகை | ரீப்பர் பின்னல் |
|---|---|---|---|---|
| இறங்கிக் கொடுப்பது | அதிகம், காலடியில் மட்டும் | குறைவு | போதுமானது | மிக நன்று |
| நிற்கும் உறுதி | குறைவு | நன்று | நன்று | மிக நன்று |
| தட்டின் ஓசை | இல்லை | தெளிவு | தெளிவு, அடியை நிரப்பினால் | கனத்த ஓசை |
| எட்டுக்கு எட்டின் எடை | சில கிலோ | சுமார் 70 கிலோ | 80 கிலோவுக்கு மேல் | 100 கிலோவுக்கு மேல் |
| தினமும் எடுத்து வைப்பது | எளிது | சிரமம் | பத்து கிலோப் பலகையானால் முடியும் | முடியாது |
| பிளைவுட் | – | 2 தாள் | 4 தாள், பட்டிகள் தனி | 2 முதல் 4 தாள், ரீப்பர் தனி |
| மறைந்த செலவு | அடிக்கடி புதிது | இருபக்கப் பூச்சு, இணைப்பு டேப் | போல்ட், ஓரப் பட்டி, ஃபோம் மாற்றுவது | கூலி, கரையான் மருந்து |

யாருக்கு எது

அடுக்குமாடியில் இருக்கிறீர்கள், பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு வயது தாண்டிவிட்டது, வாரம் நான்கைந்து நாள் ஒரு மணி நேரம் ஆடுகிறாள், அரங்கேற்றம் கண்ணில் தெரிகிறது என்றால் இரட்டைப் பலகை. ஒரேயடியாக எட்டுக்கு எட்டு செய்ய வேண்டியதில்லை. முதலில் நான்கடிக்கு நான்கடியில் ஒரே பலகை செய்து ஒரு மாதம் தட்டடவும் குதித்து மெட்டும் ஆடவிடுங்கள். ஃபோம் சரியா என்பது அந்த ஒன்றிலேயே தெரிந்துவிடும். பலகையின் ஓரத்தில் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, ஆடுகிறவரை நடுவில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். சும்மா நிற்கும்போதே ஐந்து மி.மீ. இறங்கினால் ஃபோம் மென்மை. குதித்தாலும் ஸ்கேலில் அசைவே இல்லை என்றால் துண்டுகளைக் குறையுங்கள், அல்லது சிறியதாக வெட்டுங்கள். ஆடுகிறவர் வளர வளர எடை கூடும் என்பதால் இந்தச் சோதனையை வருடத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

கதக் ஆடுகிறவர்களுக்கு ஓசையே உயிர் என்பதால் மேட் மட்டும் என்ற யோசனையே வேண்டாம். இரட்டைப் பலகையின் அடியை நிரப்புவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி எடுத்துப் போகிற எண்ணம் இருந்தால் நான்கடிக்கு இரண்டடிப் பலகைகளும் குட்டி யானை வாடகையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மேடையில் ஏற்கெனவே மரத்தளம் இருக்கிறதா என்று ஒரு போன் செய்து கேட்டுவிட்டால் பெரும்பாலும் அந்த வாடகை மிச்சமாகும்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் குதிப்பார்கள் என்றால் மேலே சொன்ன 150 கிலோ கணக்கு செல்லாது. துண்டுகளைக் கூட்ட வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது மகளோடு அவள் தங்கையும் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் பலகைகளைத் திருப்பிப் பார்த்தபோது நடு இணைப்பின் ஓரம் பதினொரு துண்டுகள் பிஸ்கட் போலத் தட்டையாகியிருந்தன. 169இல் 100 போக மிச்சம் 69. ஓரப் பட்டிகளுக்குப் போட்டதும் போக, அலமாரிக்கு மேலே ஒரு பையில் இன்னும் கையிருப்பு இருக்கிறது.